அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் நடுவே ஒரு புள்ளி

என் கல்யாணத்தன்று காலையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, மண்டப வாசலில் என்னை நிறுத்தி வானத்தைக் காட்டினார் ஐயர். "அருந்ததி தெரியுதுங்களா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மின்கம்பி, அதன் மேல் இரண்டு காக்கைகள், அதற்கு மேலே வெறும் வெளிச்சம். "தெரியலீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அதற்குள் "தெரியுதுங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். ஐயர் என்னிடம் மறுபடி கேட்டார். நானும் மறுபடி "இல்லீங்க, தெரியலீங்க" என்றேன். அம்மா பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். கூட்டத்தில் யாரோ, "பொண்ணுக்குக் கண்ணு சரியில்லையாட்ட இருக்குது" என்று சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

என் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. இத்தனை வருஷமாக அந்தக் கண்ணை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் ஒரு சின்ன நிட்டிங் யூனிட் எங்களுக்கு இருக்கிறது, வீடு அதன் மாடியில். மெஷின்கள் ஓடுவதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், இறங்கும் துணியை நான் பார்க்கிறேன். கீழே ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, ஊசி ஒடிந்து ரோல் முழுக்க இழுத்துக்கொண்டு போன கோடோ, எது வந்தாலும் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். நான் செக்கிங் ரூமுக்குள் நுழைந்தால் ரோலுக்கே வேர்த்துப்போகும் என்று ஆபரேட்டர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். எங்கள் துணி திரும்பி வருவதில்லை.

அருந்ததி எங்கே என்பதை அப்புறம் நானே தேடிக் கண்டுபிடித்தேன். சப்தரிஷி மண்டலத்தில் வால் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டிக் கொஞ்சம் மங்கலாக நிற்பவள் அருந்ததி. கோடையில் இருட்டியதும் வடக்கே பார்த்தால் நல்ல கண்ணுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். காலை வெயிலில் எந்த ரிஷிக்கும் தெரியாது. அந்த ஒரு தேடலில் தொடங்கியதுதான் இந்தப் பைத்தியம். முதலில் ஒரு பழைய கேமரா வந்தது, பிறகு ஒரு சின்ன டெலஸ்கோப், பிறகு நட்சத்திரம் நகர நகரக் கூடவே மெதுவாகத் திரும்பும் ஒரு மோட்டார் ஸ்டாண்டு. "துணியில ஓட்டை தேடித் தீந்துபோச்சு. இப்ப ஆகாசத்துல தேடப் போயிட்டா" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. வானத்தைப் படம் எடுப்பது சுலபம். எடுத்த படங்களிலிருந்து வானத்தில் இல்லாததை எடுத்துப்போடுவதுதான் வேலை, அதற்கு நான் பழகிய கண்ணே போதுமாக இருந்தது.

இதை எழுத உட்கார்ந்தது என் தங்கையின் கல்யாணத்தைச் சொல்வதற்காக.

அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் உடம்புக்கு வந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. தங்கை குன்னத்தூரில் அம்மா அப்பாவிடம் திரும்பி வந்து, அங்கிருந்தே திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள். பாப்பா வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் நல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. டீ-ஷர்ட்டுக்கு வைக்கும் காலர் மட்டும் பின்னும் சின்ன யூனிட் வைத்திருப்பவர். முதல் கல்யாணம் ஒத்துவராமல் முறிந்துபோனது, குழந்தை கிடையாது. நல்ல மனுஷன்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார்.

நிச்சயம் பேச வந்த அன்று அந்த அம்மாள்தான் எங்கள் அம்மா அப்பாவைக் காட்டிச் சொன்னார். "பாப்பா கொஞ்ச நாளைக்கு அம்மாயி அப்புச்சி கூடவே இருக்கட்டுங்க. புருசம் பொஞ்சாதி இப்பத்தான் புதுசா ஒண்ணு சேர்றாங்க. நடுவுல எதுக்குங்க? பொறவு பாத்துக்கலாமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு கெட்ட குணம் உண்டு. எவ்வளவு கசப்பான விஷயமானாலும் இவ்வளவு பதவிசாகச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் தலையாட்டித்தான் ஆக வேண்டும். அப்பா ஆட்டினார். அம்மா ஆட்டினாள். "கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளுங்க?" என்று நான் கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். காபி வந்துவிட்டது, பேச்சு மண்டபத்துக்குத் தாவிவிட்டது.

சமையலறையில் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. "பேச வேண்டிய எடத்துல வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "பேசி இதுவும் நின்னு போச்சுன்னா அப்பாவுக்குத் தாங்காது அக்கா" என்றாள். நான் துண்டை எடுத்து, அவள் கழுவிய டம்ளர்களைத் துடைத்தேன். கடைசி டம்ளரை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. போன தடவை ஐயரு கேட்டப்ப ஒண்ணுமே தெரியாம, தெரியுதுன்னு சொன்னேன். இந்தத் தடவை பொய் சொல்லமாட்டேன். நீ அருந்ததியப் படம் எடுத்துப் பெருசாப் போட்டுக் குடு. மண்டபத்து வாசல்ல மாட்டிரலாம். நானு பாத்துட்டே சொல்றேன்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். குழந்தை விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்துக்கு இதையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று இருந்தது.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாமான்களை ஏற்றிக்கொண்டு குன்னத்தூர்த் தோட்டத்துக்குப் போனேன். திருப்பூர் வெளிச்சமெல்லாம் அங்கிருந்து தெற்கே கிடக்கும். எனக்கு வேண்டியது வடக்கு, அது ஓரளவு இருட்டு. கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டி வைத்தேன். அப்பா வாசல் பல்பை அணைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். பாப்பாதான் கூடவே நின்றாள். கேமரா ஒவ்வொரு முறை கண்ணைத் திறந்து மூடும்வரை பேசக்கூடாது என்று யாரும் சொல்லாமலே அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு முறை மட்டும் தவளையைத் தேடி டார்ச் அடித்தாள். அது நேராக டெலஸ்கோப்புக்குள் போனது.

"படம் கெட்டுப் போச்சுங்களா பெரியம்மா?"

"ஒண்ணுதான் கெட்டுது கண்ணு. மிச்சமெல்லாம் இருக்குதில்ல."

சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாமான்களை ஒதுக்கி வைக்க உள்ளறைக்குப் போனபோது, கட்டிலடியிலிருந்து அவள் ஒரு பையை இழுத்துக் காட்டினாள். பழைய ஸ்கூல் பை. உள்ளே இரண்டு கவுன், கலர் பென்சில், கை ஒடிந்த ஒரு பொம்மை, எல்லாவற்றுக்கும் மேலே பல் விளக்கும் பிரஷ். "இதுதானுங்க நான் நல்லூருக்குக் கொண்டுபோற பை" என்றாள். பிரஷை தினமும் காலையில் எடுத்துப் பல் விளக்கிவிட்டு மறுபடி பைக்குள் வைத்துவிடுகிறாளாம். கிளம்புகிற அவசரத்தில் மறந்துவிடக்கூடாது அல்லவா? அவளை இங்கேயே விட்டுப் போகும் பேச்சை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பையை மூடிக் கட்டிலடியில் தள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு லீவு. மெஷின் சத்தம் இல்லாத செக்கிங் ரூமில் லேப்டாப்பைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் படத்திலேயே கறுப்பாக, மங்கலாக, வட்ட வட்டமாக நிழல்கள். அடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் அதே இடங்களில் அதே வட்டங்கள். கேமராவுக்குள் பஞ்சு போவது எங்கள் ஊரில் புதிதல்ல. காற்றிலேயே பஞ்சு மிதக்கிற இடம் இது, மூக்கிலிருந்து சாம்பார் வரை போகும். ஆனால் பஞ்சின் நிழலில் நூல் நூலாக இழை தெரியும். இது பொட்டுப் பொட்டாக இருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது, தினமும் துணியில் பார்க்கிற சங்கதிதான். எண்ணெய்.

"ஏனுங்க, கேமராவை என்ன பண்ணுனீங்க?" என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் பெருமையாக இறங்கி வந்தார். "பஞ்சு அப்பிக் கெடந்துது புள்ள. நீ குன்னத்தூர் கெளம்பறதுக்கு முன்ன நல்லா ஒரு அடி அடிச்சு உட்டேன். ஏன், பளிச்சுன்னு வந்திருக்குதா?"

அடித்தது கம்ப்ரசர் காற்றால். மெஷினில் படியும் பஞ்சை ஊதித் தள்ள எல்லா யூனிட்டிலும் ஒரு ஏர் கன் தொங்கும். ஆபரேட்டர் தலைமுடியை ஊதிக்கொள்வதிலிருந்து உட்காருகிற ஸ்டூலைத் துடைப்பதுவரை எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் காற்றில் கம்ப்ரசரின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து வரும். வெள்ளைத் துணி மேல் அதைப் பிடித்தால் ஆபரேட்டரைத் திட்டித் தீர்க்கிற மனுஷன், என் கேமராவின் லென்ஸைக் கழற்றி உள்ளே பிடித்திருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று என்னைச் சொல்வார்கள். கேமராவுக்கும் விட்டாயிற்று. நான் என்னென்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். அன்று மத்தியானம் அவராகவே கடையிலிருந்து பிரியாணி வாங்கி வந்தார்.

துடைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றால் கோடை மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலமானால் மேகம் வந்து மூடிக்கொள்ளும். கல்யாணம் வைகாசியில். வேறு வழி கிடையாது, கையில் இருக்கிற படங்களைத்தான் தேற்ற வேண்டும். தேறும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நல்லவேளை, கேமராவை டெலஸ்கோப்பிலிருந்து நான் கழற்றியிருக்கவில்லை. எண்ணெய்ப் பொட்டு அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, வெளிச்சமான வானத்தைப் பார்த்து வைத்துப் படம் எடுத்தால், அதில் நட்சத்திரம் எதுவும் விழாது. உள்ளே இருக்கும் அழுக்கின் நிழல் மட்டும் விழும். அந்த நிழலைக் கொண்டு மற்ற படங்களைச் சரிசெய்யச் சொன்னால் மென்பொருள் சரிசெய்துவிடும். உலகத்தில் வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் இதற்கு ஒரு வெள்ளை டீ-ஷர்ட்டைத் தேடுவார்களாம். என்னிடம் ரோல் ரோலாகத் துணி இருந்தது. கனம் சரியாக, நிறம் ஒன்றுபோல, கோடு விழாத ஒரு துண்டை என் மேஜையிலேயே ஓட்டிப் பார்த்து வெட்டினேன். அத்தனை சுத்தமான துணி தேவையே இல்லை. ஆனாலும் குறையுள்ள துணியைத் தொட என்னால் முடியாது.

எண்ணெய்ப் பொட்டுகள் போயின. அடுத்து வெள்ளைப் புள்ளிகள். சித்திரை வெக்கையில் கேமரா சூடானால், ஒளியை வாங்கும் அதன் சென்சாரில் சில புள்ளிகள் தாமாகவே எரியும். சின்னச் சின்ன நட்சத்திரம் போலவே இருக்கும். இதில் ஏமாறாமல் இருக்கத்தான் சில படங்களுக்கு ஒரு முறை டெலஸ்கோப்பை இம்மியளவு தள்ளித் தள்ளி வைத்து எடுப்பது. தள்ளினால் நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து படத்தில் இடம் மாறும். அழுக்கும் எரிகிற புள்ளியும் மாறாது, கேமராவோடு ஒட்டிக்கொண்டவை அல்லவா? மெஷினில் ஊசி ஒடிந்தாலும் இப்படித்தான், எந்த ரோலை மாட்டினாலும் அதே இடத்தில் கோடு விழும். கோடு துணியுடையது அல்ல, மெஷினுடையது. இது தெரிந்தால் போதும், வானத்தில் எது வானத்துடையது என்று பிரித்துவிடலாம்.

மிச்சம் இருந்தவை ஒற்றைப் படத்தில் மட்டும் வந்தவை. ஒரு சாட்டிலைட் வசிஷ்டரின் தலைக்கு மேலே மூலைக்கு மூலை கோடு போட்டிருந்தது. இன்னொன்றில் ஒரு விமானம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டு போயிருந்தது. பாப்பாவின் டார்ச் ஒரு படத்தின் பாதியை வெளுத்திருந்தது. எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும்போது இப்படித் தனியாக வந்தவற்றை மென்பொருளே ஓரளவு தள்ளிவிடும். ஆனால் எனக்கு ஓரளவு என்பது பிடிக்காது. ஒவ்வொரு படமாகத் திறந்து, கோடு விழுந்த இடத்தைச் சுற்றி அடையாளம் போட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் அந்தப் படத்தின் சாட்சி செல்லாது, மற்ற படங்கள் சொல்வதுதான் செல்லும். டார்ச் விழுந்த படத்தை முழுசாகத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெளுக்காத பாதி நன்றாக இருந்தது, அதை வைத்துக்கொண்டேன்.

இரண்டை மட்டும் நான் செய்வதில்லை. இல்லாததை வரைவதும், இருப்பதை அழிப்பதும். அழகாக இருக்கும் என்பதற்காக ஒரு நட்சத்திரத்தைக்கூட நகர்த்தமாட்டேன். துணியில் ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டச் சொன்னால் முதலாளியே சொன்னாலும் ஒட்டமாட்டேன். முதலாளி என் வீட்டுக்காரர் என்பதால் இதைச் சொல்ல வசதியாகவும் இருக்கிறது.

எல்லாம் முடிந்து படம் திரையில் வந்தது. கறுத்த வானத்தில் வசிஷ்டர் பளீரென்று, பக்கத்தில் அருந்ததி அமைதியாக. இருவருக்கும் நடுவே, நேர்கோட்டிலிருந்து சற்று விலகி, சின்னதாக ஒரு நட்சத்திரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப்பில் யார் பார்த்தாலும் தெரியும். அது அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரிந்ததுதான், அதனால் அன்று அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

நினைக்க வைத்தது மாப்பிள்ளையின் அம்மா.

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிற நாளில் இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடி, அங்கிருந்து கடைக்குப் போவதாக ஏற்பாடு. வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, பெரிதாக அச்சடிக்கக் கொடுக்கும் முன் எல்லாரும் ஒரு தரம் பார்க்கட்டும் என்று கீழே செக்கிங் ரூமுக்கு அழைத்துப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி. ஆனா நடுவுல என்னமோ ஒரு புள்ளி நிக்குதுங்களே. அதைய எடுத்துட்டுப் போட்டுருங்க. புருசம் பொஞ்சாதிக்கு நடுவுல எதுக்குங்க?"

அதே சொல்லை நிச்சயத்தன்று கேட்டது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு மட்டும் வரவில்லை. அவர் வெறும் படத்தைப் பற்றித்தான் பேசினார், அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. பாப்பா வெளியே ரோல் அடுக்கின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டார். "அது எண்ணெய்ப் பொட்டுங்க. நானு காத்தடிச்சதுல வந்தது. ஒரு தட்டுத் தட்டுனாப் போயிரும்."

"எண்ணெய் கறுப்பா விழுமுங்க. இது வெள்ளை. அழுக்கு இல்லீங்க அத்தை, நட்சத்திரம்" என்றேன்.

"எத்தனையோ அழுக்கு எடுத்ததாச் சொன்னீங்களே. அதோட இதையும் எடுத்துட்டா என்னுங்க?"

எனக்குக் கோபம் வரும்போது குரல் இறங்கிவிடும். "காட்டறேனுங்க" என்று சொல்லி, சுத்தம் செய்வதற்கு முன்பிருந்த படங்களைத் திறந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். எண்ணெய்ப் பொட்டுகளைக் காட்டினேன். அவை நின்ற இடத்திலேயே நின்றன. எரிகிற புள்ளிகளைக் காட்டினேன், அவையும் அசையவில்லை. சாட்டிலைட் ஒரு படத்தில் வந்தது, அடுத்ததில் காணோம். பிறகு அந்த மூன்றின் மேல் விரலை வைத்தேன். டெலஸ்கோப் ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் வசிஷ்டர் நகர்ந்தார், அருந்ததி நகர்ந்தாள், நடுவிலிருந்த சின்னதும் அவர்களோடு சேர்ந்து அதே அளவு நகர்ந்தது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "மறுக்கா ஒருவாட்டி ஓட்டுங்க அக்கா" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டினேன். அவரும் மெஷின்காரர், இரண்டாவது முறை தேவையில்லாமலே புரிந்திருக்கும். ஆனாலும் கடைசிப் படம் வரை பார்த்தார். "அழுக்குன்னா நின்ன எடத்துலயே நிக்கோணும். இது அவுங்க கூடவே போகுதும்மா" என்றார்.

அவருடைய அம்மா விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "நச்சத்திரமாவே இருக்கட்டுமுங்க. படத்துல இல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமுங்க அத்தை" என்றாள் என் தங்கை.

அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள். "பாப்பாவும் எங்கூடத்தான் வருவாளுங்க. கொஞ்ச நாளு, பொறவுன்னு எல்லாம் வேண்டாமுங்க. அன்னைக்கே வருவா. அவளை உட்டுப்போட்டு வந்து நின்னு, அருந்ததியப் பாத்தேன்னு என்னால சொல்ல முடியாதுங்க. அப்படித்தான் வரோணும்னா இந்தக் கல்யாணமே வேண்டாமுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். தங்கையை அன்று எனக்குப் பிடித்ததுபோல் அதற்கு முன்னால் பிடித்ததில்லை.

மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய அம்மாவைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும்மா. பாப்பா வரட்டும்" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அதைத் துடைக்க வேண்டிய அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. துடைத்து முடித்து மறுபடி போட்டுக்கொண்டு, படத்தை இன்னொரு தரம் கிட்டப் போய்ப் பார்த்தார். வெளியே குதிக்கிற சத்தம் நின்று, பாப்பா வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றாள். அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் அளந்தார்.

"அப்பறம் நேரமாச்சுங்க, கெளம்பலாம்" என்றார். வாசல் படியிறங்கும்போது திரும்பி என் அம்மாவிடம், "பாப்பாவுக்கும் ஒரு பட்டுப் பாவாடை எடுக்கோணுமில்லைங்க? சின்னதுக்குத் தைக்கக் குடுத்தா நாளாகும், மொதல்ல அதையப் பாத்துரலாம்" என்றார். அம்மாவை முந்திக்கொண்டு நான்தான் "ஆமாங்க" என்றேன்.

அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. ஆனால் மறுப்பு என்று ஒன்று எதிரே நேராக நின்றால் அதைப் பார்க்கத் தெரிந்தவர். எங்கள் சொந்தத்தில் அது எல்லாருக்கும் வராது. வசிஷ்டரை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால் அவரே இரண்டாகத் தெரிவார் என்ற விஷயத்தை மட்டும் நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

வைகாசியில் முருகன் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஆள் உயரத்துக்கு அச்சடித்த படத்தை வாசல் தூணில் நானும் வீட்டுக்காரருமாகக் கட்டினோம். பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று அவர் ஊதப் போனார், வாயால்தான் என்றாலும் தடுத்துவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் இருவரையும் வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். ஐயர் பழக்க தோஷத்தில் கையை வானத்துக்குத் தூக்கினார். தங்கை வானத்தைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் போய், மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அருந்ததி தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க" என்றாள். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை மறைக்க, மணப்பெண் வண்டியில் சீர்த் தட்டெல்லாம் ஏற்றியாயிற்றா என்று பார்க்கப் போவதுபோல வெளியே போனேன்.

கார் டிக்கி திறந்திருந்தது. டிரைவர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டுகளுக்கு அந்தப் பக்கம், உள் மூலையில், அந்தப் பழைய ஸ்கூல் பை இருந்தது. யாரும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. விடிந்ததுமே பாப்பா தானாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தன்னை விட்டுவிட்டுப் போவதாக ஒரு பேச்சு இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. இனித் தெரிய வேண்டியதும் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா டிரைவருக்குப் பக்கத்தில் நின்று அடுக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பித்தளைக் குடம் உள்ளே போகப் போனது. அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதைய மடியில வெச்சுக்கலாமுங்க. பாப்பா பை நசுங்கிரப் போகுது."